மூன்று நிமிட வித்தை

அழகிப் போட்டியில் பியானோவுக்கு என்ன வேலை?

1945 செப்டம்பர் முதல் வாரம். ஜப்பான் சரணாகதிப் பத்திரத்தில் கையெழுத்திட்டுச் சில நாட்களே ஆகியிருந்தன. அமெரிக்காவின் கிழக்குக் கடற்கரையில் இருக்கும் அட்லாண்டிக் சிட்டியில், வார்னர் தியேட்டர் மேடையில், பெஸ் மையர்சன் என்ற 21 வயதுப் பெண் நார்வே இசைமேதை கிரீக்கின் பியானோ கான்சர்ட்டோவிலிருந்து ஒரு பகுதியை வாசித்தார். பிறகு புல்லாங்குழலை எடுத்து கெர்ஷ்வினின் 'சம்மர்டைம்' வாசித்தார். நல்ல கைதட்டல். அதே வாரம் அதே மேடையில் அவர் நீச்சலுடையில் நடந்தும் காட்டினார். அதற்கும் மார்க், இதற்கும் மார்க். 8ம் தேதி இரவு மிஸ் அமெரிக்கா கிரீடம் அவர் தலைக்கு வந்தது.

இந்த வாசிப்புப் பகுதிக்குப் போட்டிக்காரர்கள் வைத்த பெயர் 'டாலண்ட்'. மொழிபெயர்ப்பு மேஜையில் பல வருடம் காலம் தள்ளிய எனக்கு இந்தச் சொல்லைப் பார்த்தாலே சங்கடம். திறமை என்று போடலாம். ஆனால் கணக்குப் போடுவதும் திறமைதான். கலை என்றால் மிகை. யோசித்துப் பார்த்தால் 'வித்தை' என்பதுதான் பொருந்துகிறது. நம் ஊரில் வித்தை கற்கவும் செய்யலாம், காட்டவும் செய்யலாம். கற்பதில் மரியாதை இருக்கிறது. காட்டுவதில் கொஞ்சம் தெருவோர வாடை அடிக்கிறது. அட்லாண்டிக் சிட்டி மேடையில் இரண்டும் சேர்ந்தே இருந்தன.

வித்தை அங்கே வந்து சேர்ந்த கதை சுவாரஸ்யமானது. 1921ல் போட்டியை ஆரம்பித்தவர்கள் கலா ரசிகர்கள் அல்ல, ஓட்டல் முதலாளிகள். செப்டம்பர் முதல் திங்கட்கிழமை அங்கே தொழிலாளர் தினம். அதோடு கோடை விடுமுறை முடிந்து கடற்கரை காலியாகிவிடும். கூட்டத்தை இன்னும் சில நாள் பிடித்துவைக்க என்ன வழி என்று யோசித்தார்கள். கிடைத்த வழி, நீச்சலுடையில் இளம்பெண்கள். முதல் பட்டம் வாஷிங்டனைச் சேர்ந்த 16 வயது மார்கரெட் கோர்மனுக்கு. கூட்டம் வந்தது, கூடவே கெட்ட பெயரும் வந்தது. மாதர் சங்கங்களும் மதகுருமார்களும் போட்ட கூச்சலில், கௌரவமான விருந்தினர்கள் வருவது குறையுமோ என்று அதே ஓட்டல்காரர்கள் பயந்தார்கள். 1928ல் கடையைக் கட்டினார்கள். 1933ல் ஒரு முறை தூசு தட்டிப் பார்த்தார்கள், சரிவரவில்லை.

1935ல் மறுபடி தொடங்கியபோது ஃப்ளோரிடாவிலிருந்து ஒரு பெண்மணியை வரவழைத்தார்கள். பெயர் லெனோரா ஸ்லாட்டர். பக்தி மிக்க பாப்டிஸ்ட் கிறிஸ்தவர், பிடிவாதக்காரர், நிர்வாகத்தில் கெட்டிக்காரர். 1967ல் ஓய்வு பெறும்வரை போட்டி அவர் கைக்குள்தான் இருந்தது. அந்த அம்மாள் செய்த காரியம் ஒன்றுதான்: கடற்கரைக் கேளிக்கையைக் 'குடும்பப் பெண்கள்' கலந்துகொள்ளும் விழாவாக மாற்றினார். வந்த முதல் ஆண்டிலேயே வித்தைச் சுற்றைச் சேர்த்தார். 1938ல் அது கட்டாயமாயிற்று. 18 வயதுக்குக் கீழே கிடையாது, 28க்கு மேல் கிடையாது, கல்யாணம் ஆகியிருக்கக் கூடாது. போட்டி நடக்கும் வாரத்தில் ஒவ்வொரு பெண்ணுக்கும் காவலாக ஊர்ப் பெரிய குடும்பத்து அம்மாள் ஒருவர் கூடவே இருப்பார். மதுக்கடைப் பக்கம் போகக் கூடாது. ஆண்களோடு, அவர் பெற்ற தகப்பனாராகவே இருந்தாலும், தனியே தென்படக் கூடாது. 1945ல் பரிசாகக் கல்லூரி உதவித்தொகை வந்தது, 5,000 டாலர். 1948ல் வெற்றி பெற்றவருக்கு முதல்முறையாக நீச்சலுடைக்குப் பதில் நீண்ட கவுனில் கிரீடம் சூட்டினார்கள்.

கௌரவத்தின் பட்டியலில் இன்னொரு விதியும் இருந்தது. ஏழாவது விதி. போட்டியாளர் நல்ல ஆரோக்கியம் உள்ளவராகவும் வெள்ளை இனத்தவராகவும் இருக்க வேண்டும் என்று எழுத்திலேயே வைத்திருந்தார்கள். கறுப்பர்கள் அந்த மேடையில் ஏறியதே இல்லையா என்றால், ஏறியிருக்கிறார்கள். 1923ல் ஒரு நாடகக் காட்சியில், அடிமைகள் வேடத்தில். விதி 1950ல் நீக்கப்பட்டது. அதன்பிறகும் மாநிலப் போட்டிகளைக் கடந்து ஒரு கறுப்பினப் பெண் அட்லாண்டிக் சிட்டிக்கு வந்து சேர 20 ஆண்டுகள் ஆயின. 1970ல் வந்த அவர் அயோவா மாநிலத்தின் ஷெரில் பிரௌன். விதியை எடுத்துவிடுவது சுலபம், வழக்கத்தை எடுப்பது கஷ்டம் என்பதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இனி வித்தைகளைப் பார்ப்போம். நாற்பதுகளிலும் ஐம்பதுகளிலும் அங்கே மேடையேறியவற்றைப் பார்த்தால் ஒரு நாட்டின் பள்ளிக்கூட ஆண்டு விழாவை ஒட்டுமொத்தமாகப் பார்த்த மாதிரி இருக்கும். பாட்டு, பியானோ, பாலே நடனம் இவையெல்லாம் சகஜம். மின்னசோட்டாவின் பீபி ஷாப் 1948ல் வைப்ராஹார்ப் என்ற பிரம்மாண்டமான உலோகப் பட்டை வாத்தியத்தை வாசித்து ஜெயித்தார். வேறு சிலர் மேடையில் சூட்கேஸ் அடுக்கிக் காட்டினார்கள். பயணத்துக்குத் துணி மடித்து வைப்பதும் ஒரு வித்தைதானே. 1949ல் மான்டானா மாநிலத்து அழகி குதிரையோடு மேடைக்கு வந்தார். குதிரை தடுமாறி, கீழே வாத்தியக்காரர்கள் உட்கார்ந்திருந்த பள்ளத்தில் விழப் பார்த்தது. அத்தோடு மிருகங்களுக்குத் தடை. சவுத் கரோலினாவின் மரியன் மக்நைட் 1956ல் மர்லின் மன்றோவைப் போல நடித்துக் காட்டிக் கிரீடம் வாங்கினார். இரண்டு ஆண்டு கழித்து மிசிசிப்பியின் மேரி ஆன் மோப்லி ஆபரா சங்கீதத்தில் ஆரம்பித்து, பாதியில் நிறுத்திவிட்டு, ஆடை களையும் கிளப் நடனத்தைக் கேலி செய்வதுபோல ஒரு துள்ளல் பாட்டுக்குத் தாவினார். நடுவர்களும் ரசித்தார்கள், ஸ்லாட்டர் அம்மாளின் கௌரவமும் பிழைத்தது. அந்த மேடையை அவரைவிடச் சரியாகப் புரிந்துகொண்டவர் இருக்க முடியாது என்று எனக்குத் தோன்றுகிறது.

1954 செப்டம்பரில் ஏபிசி தொலைக்காட்சி இந்தப் போட்டியை முதல்முறையாக நேரடியாக ஒளிபரப்பியது. 2 கோடியே 70 லட்சம் பேர் பார்த்தார்கள். நடுவர்களில் ஒருவர் நடிகை கிரேஸ் கெல்லி. அன்றைக்கு ஜெயித்த கலிபோர்னியாப் பெண் லீ மெரிவெதருக்கு 19 வயது. அவர் எடுத்துக்கொண்ட வித்தை, ஐரிஷ் நாடகாசிரியர் சிங்கின் 'ரைடர்ஸ் டு த ஸீ' நாடகத்திலிருந்து ஒரு பகுதி. கடலுக்குக் கணவனையும் பிள்ளைகளையும் வரிசையாகப் பறிகொடுத்த குடும்பத்தின் கதை அது. கடலோர ஓட்டல்காரர்கள் கூட்டம் சேர்க்கத் தொடங்கிய விழாவில், கடல் தின்ற உயிர்களுக்கான ஒப்பாரி. அமெரிக்கா முழுக்க வரவேற்பறைகளில் உட்கார்ந்து அதைப் பார்த்தவர்களில் எத்தனை பேர் இந்த முரண்பாட்டைக் கவனித்திருப்பார்களோ.

தமிழ் படித்தவர்களுக்கு இந்த இடத்தில் மாதவி நினைவுக்கு வராமல் இருக்க முடியாது. ஐந்து வயதில் தொடங்கி ஏழாண்டு ஆடலும் பாடலும் பயின்று, பன்னிரண்டாம் வயதில் சோழன் சபையில் அரங்கேறுகிறாள். மன்னன் தலைக்கோல் பட்டமும் ஆயிரத்தெட்டுக் கழஞ்சு பொன்னும் தருகிறான். அடுத்து என்ன? அவள் மாலையை ஒரு கூனி வீதியில் கொண்டுபோய் நின்று விலை கூறுகிறாள். வாங்குகிறவன் மாதவிக்கு உரியவன். அரங்கேற்று காதையில் இளங்கோ ஆடலிலக்கணத்தையும் மேடையின் அளவையும் அவ்வளவு நுணுக்கமாகச் சொல்லிவிட்டு, இந்த விற்பனையைச் சில வரிகளில் முடித்துவிடுகிறார். அத்தனை தூரம் போவானேன்? ஒரு தலைமுறைக்கு முன்புவரை நம் வீட்டுக் கூடங்களிலேயே, பஜ்ஜி சொஜ்ஜித் தட்டுக்கு நடுவே, பெண்ணை ஒரு பாட்டுப் பாடச் சொல்லவில்லையா? கல்யாணத்துக்குப் பிறகு அந்தப் பாட்டு எங்கே போனது என்று கேட்டவர்கள் குறைவு.

பெஸ் மையர்சனுக்கு நடந்ததும் ஏறக்குறைய இதுதான். ஆனால் அவர் விஷயத்தில் வேறொரு முடிச்சும் இருந்தது.

அவர் நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில், ரஷ்யாவிலிருந்து குடியேறிய யூதக் குடும்பத்தில் பிறந்தவர். தகப்பனார் வீடுகளுக்கு வர்ணம் அடிப்பவர். யூதத் தொழிலாளர்கள் கூட்டுறவாகக் கட்டிக்கொண்ட குடியிருப்பில் வளர்ந்தார். ஹண்டர் கல்லூரியில் இசை பயின்று அந்த ஆண்டுதான் பட்டம் பெற்றிருந்தார். அவர் பெயரைப் போட்டிக்குக் கொடுத்தது அக்கா. பெஸ்ஸின் கண்ணெல்லாம் உதவித்தொகை மேல் இருந்தது. மேலே படிக்க வேண்டும், நல்ல பியானோ ஒன்று வாங்க வேண்டும். போட்டி தொடங்கும் முன்பே ஸ்லாட்டர் அவரிடம் ஒரு யோசனை சொன்னார். மையர்சன் என்ற பெயர் மேடைக்கு எடுக்காது, வேறு பெயர் வைத்துக்கொள்ளலாமே என்றார். அந்தப் பெயர் யூதப் பெயராகத் தெரிந்ததுதான் காரணம் என்பது பெஸ்ஸுக்குப் புரிந்தது. மறுத்துவிட்டார். ஐரோப்பாவின் வதை முகாம்களின் படங்கள் பத்திரிகைகளில் வந்துகொண்டிருந்த ஆண்டு அது. அந்த ஆண்டில் பெயரை மாற்றிக்கொள்வது அவருக்கு வெறும் பெயர் மாற்றமாகப் படவில்லை.

கிரீடம் கிடைத்தது. வழக்கமாக, ஜெயித்தவர் ஆண்டு முழுக்க ஊர் ஊராகப் போய், பணம் போட்ட கம்பெனிகளின் விளம்பரங்களில் தோன்றிச் சம்பாதிப்பார். பெஸ்ஸுக்கு அழைப்புகள் வற்றிப் போயின. ஐந்து கம்பெனிகளில் மூன்று, இவர் தங்கள் பொருளுக்கு முகமாக வேண்டாம் என்று ஒதுங்கிக்கொண்டன. போன இடங்களில் சில ஓட்டல்களின், கிளப்களின் வாசலில் யூதர்களுக்கு இடமில்லை என்ற பலகை தொங்கியது. நாட்டின் அழகி, உள்ளே வர முடியாது. வாடவில் என்று சொல்லப்படும் கதம்ப நிகழ்ச்சித் தியேட்டர்களுக்கும் போனார். அங்கே கிரீக்கைக் கேட்க யாரும் டிக்கெட் வாங்கி வரவில்லை. பியானோவைச் சீக்கிரம் முடித்துவிட்டு நீச்சலுடையில் வந்தால் போதும் என்பதுதான் கூட்டத்தின் மனநிலை. கொஞ்ச நாளில் அந்தச் சுற்றுப்பயணத்தை விட்டுவிட்டார்.

விட்டுவிட்டு என்ன செய்தார் என்பதுதான் முக்கியம். யூத எதிர்ப்பை எதிர்த்துப் போராடும் அமைப்பு ஒன்றோடு சேர்ந்து பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய்ப் பேசினார். வெறுப்பை மனதில் வைத்துக்கொண்டு யாரும் அழகாக இருக்க முடியாது என்பதே அவர் பேச்சின் சாரம். பட்டம் அவருக்குக் கொடுத்த ஒலிபெருக்கியை அவர் அதற்குப் பயன்படுத்தினார். பின்னாளில் தொலைக்காட்சிப் பிரபலம், 1969ல் நியூயார்க் நகரின் நுகர்வோர் நலத் துறை ஆணையர், 1980ல் செனட் வேட்பாளராகும் முயற்சியில் தோல்வி, பிறகு லஞ்ச வழக்கு ஒன்றில் சிக்கி 1988ல் விடுதலை என்று நீண்டது அவர் வாழ்க்கை. 2014 டிசம்பரில், 90 வயதில் இறந்தார்.

அவருக்கு 68 ஆண்டு கழித்து, 2013ல், நியூயார்க் மாநிலத்திலிருந்தே இன்னொரு பெண் அதே ஊரில் கிரீடம் சூடினார். நினா தவுலூரி. பெற்றோர் ஆந்திரத்திலிருந்து போனவர்கள். பரதமும் குச்சிப்புடியும் கற்றிருந்த அவர், வித்தைச் சுற்றில் ஆடியது பாலிவுட் கலப்பு நடனம். ஸ்லாட்டர் அம்மாள் ஆரம்பித்த சுற்றில் நம் முத்திரைகள் மேடையேறிய அன்றிரவே, இவள் அராபியப் பெண், தீவிரவாதி என்றெல்லாம் ட்விட்டரில் வசை கொட்டியது. 1945ல் வாசல் பலகையில் எழுதியிருந்ததை 2013ல் கைப்பேசியில் எழுதினார்கள்.

மையர்சனுக்கு ஐந்து ஆண்டுக்குப் பின் வந்தவர் யோலாண்ட் பெட்பீஸ். அலபாமாவின் மொபைல் நகரத்துக்காரர். கன்னிமாடப் பள்ளியில் படித்தவர். ஆபரா பாடகியாக வேண்டும் என்பது கனவு. 1950 செப்டம்பரில் வெர்டியின் 'ரிகொலெட்டோ' ஆபராவிலிருந்து 'காரோ நோமே' பாடி ஜெயித்தார். பாடத் தெரிந்தவர்கள் மட்டுமே தொடத் துணியும் பாட்டு அது. மற்ற எல்லோரையும் போல அவரும் போட்டியில் நீச்சலுடையில் நடந்தவர்தான். ஆனால் கிரீடம் தலையில் ஏறிய பிறகு, நீச்சலுடை கம்பெனியான கேட்டலினா தன் உடைகளை மாட்டிக்கொண்டு ஊர் ஊராக வரச் சொன்னபோது, முடியாது என்றார். நான் பாடகி, படத்துக்குப் போஸ் கொடுக்கும் பொம்மை அல்ல என்பது அவர் கட்சி.

இத்தனை ஆண்டுகளாகப் போட்டிக்காரர்கள் எதைச் சொல்லி ஊரைச் சமாதானப்படுத்தி வந்தார்களோ, அதையே இந்தப் பெண் திருப்பிச் சொன்னார். இது உடம்புக்கான போட்டி அல்ல, திறமைக்கும் படிப்புக்குமானது என்று நீங்கள்தானே சொன்னீர்கள்? அப்படியானால் பாட்டுக்கு அழையுங்கள், வருகிறேன். ஸ்லாட்டரால் இதை மறுத்துப் பேச முடியவில்லை. அழகியின் பக்கம் நின்றார். கேட்டலினா கோபித்துக்கொண்டு வெளியேறியது.

பெட்பீஸ் அத்தோடு நிற்கவில்லை. கறுப்பினப் பெண்கள் ஏன் இந்த மேடையில் இல்லை என்று பின்னாளில் வெளிப்படையாகவே கேட்டார். 1960ல் அமெரிக்கத் தென் மாநிலங்களில், உல்வொர்த் கடையின் சாப்பாட்டு மேஜையில் கறுப்பர்களுக்கு இடம் மறுக்கப்பட்டதை எதிர்த்து மாணவர்கள் போராடியபோது, நியூயார்க்கில் அதே கம்பெனியின் கடை வாசலில் மறியல் செய்தவர்களில் இந்த முன்னாள் மிஸ் அமெரிக்காவும் ஒருவர். 2016ல் காலமானார். அவர் கேட்ட கேள்விக்கு வேறொரு விதமான பதிலும் 1968 செப்டம்பர் 7ம் தேதி அட்லாண்டிக் சிட்டியில் கிடைத்தது. கடற்கரைப் பாதையில் பெண்ணியவாதிகள் ஓர் ஆட்டுக்குக் கிரீடம் சூட்டிக் கலாட்டா செய்துகொண்டிருந்த அதே நாளில், அதே ஊரில், கறுப்பினப் பெண்களுக்கென்று முதல் 'மிஸ் பிளாக் அமெரிக்கா' போட்டி நடந்தது. ஜெயித்த சாண்ட்ரா வில்லியம்ஸ் தன் வித்தையாக ஆப்பிரிக்க நடனம் ஒன்றை ஆடினார். ஆட்டுக்குக் கிரீடம் சூட்டிய செய்தியை உலகம் முழுக்க எழுதினார்கள். சாண்ட்ராவின் நடனத்தை அவ்வளவாக எழுதவில்லை.

கோபித்துக்கொண்டு போன கேட்டலினாவுக்கு வருவோம். பாடகியின் மறுப்பு அந்தக் கம்பெனிக்கு ஒரு விதத்தில் நல்லதாகவே முடிந்தது. அது சொந்தமாகவே இரண்டு போட்டிகளைத் தொடங்கியது: மிஸ் யு.எஸ்.ஏ., மிஸ் யுனிவர்ஸ். முதல் ஆண்டு 1952. இடம், மேற்குக் கடற்கரையில் கலிபோர்னியாவின் லாங் பீச். இங்கே பாட்டும் கிடையாது, பியானோவும் கிடையாது, சூட்கேஸ் அடுக்குவதும் கிடையாது. நீச்சலுடை விற்பவர்கள் நடத்துவதால் நீச்சலுடைக்காகக் கூச்சப்பட வேண்டிய அவசியமும் இல்லை. பாசாங்கு குறைவு என்று இதைப் பாராட்டவும் முடியும். ஃபின்லாந்தின் 17 வயது ஆர்மி குசெலா ஜெயித்தார்.

வித்தைக்கு இடமே இல்லாத அந்தப் போட்டிக்கு இந்தியாவிலிருந்து போனவர், சொக்கலிங்கம் பிள்ளையிடம் பந்தநல்லூர் பாணி பரதம் பயின்ற ஒரு நர்த்தகி.

இந்திராணி ரஹ்மான். 1930ல் சென்னையில் பிறந்தவர். தாய் அமெரிக்கர்: மிஷிகன் மாநிலத்தில் எஸ்தர் ஷெர்மனாகப் பிறந்து, இந்திய நடனத்தின் மேல் மோகம் கொண்டு, நாக்பூரைச் சேர்ந்த தேசபக்தரான ராம்லால் பாஜ்பாயை மணந்து, ராகினி தேவியாக மாறியவர். மயிலாப்பூர் கௌரி அம்மாளிடம் சதிர் கற்றுக்கொண்ட முதல் வெளிநாட்டவர்களில் ஒருவர் ராகினி தேவி. மகள் ஒன்பது வயதில் தாயின் குழுவில் ஆடத் தொடங்கினாள். 15 வயதில் கட்டடக் கலைஞர் ஹபீப் ரஹ்மானை மணந்தாள். டெல்லியில் சங்கீத நாடக அகாதமி இருக்கும் ரவீந்திர பவனைப் பார்த்திருப்பீர்கள். அதை வடிவமைத்தவர் அவர்தான்.

ஆக, 1952ல் மிஸ் இந்தியா பட்டத்தோடு லாங் பீச்சுக்குப் போனபோது இந்திராணி ஒரு பெண் குழந்தைக்குத் தாய். அட்லாண்டிக் சிட்டியாக இருந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்பியிருப்பார்கள். நம் ஊரில் அப்போது அந்தக் கட்டுப்பாடெல்லாம் இல்லை போலும். 1947ல் மிஸ் இந்தியாவான பிரமிளாவும் பிள்ளைகளைப் பெற்ற தாய்தான். கல்கத்தா பாக்தாதி யூதக் குடும்பத்தில் எஸ்தர் விக்டோரியா ஆபிரகாமாகப் பிறந்தவர், நடிகை, படத் தயாரிப்பாளர். பெயரை மாற்றச் சொல்லி பெஸ் மையர்சனிடம் கேட்டது அதற்கு இரண்டே ஆண்டுகளுக்கு முன்பு. லாங் பீச்காரர்களின் தாராளமும் நீடிக்கவில்லை. 1957ல் மிஸ் யு.எஸ்.ஏ. பட்டம் வென்ற மேரிலாண்ட் பெண் திருமணமானவர், இரண்டு பிள்ளைகளின் தாய் என்று தெரிந்ததும் பட்டத்தைப் பறித்துக்கொண்டார்கள்.

லாங் பீச் கடற்கரையில் இந்திராணி எடுத்துக்கொண்ட படங்கள் இருக்கின்றன. நீச்சலுடை. நெற்றியில் பொட்டு. கூந்தலில் பூ. இந்தப் படத்தின் துணிச்சலைப் புரிந்துகொள்ள, அந்தக் காலத்தில் பரதம் எந்த நிலையில் இருந்தது என்று பார்க்க வேண்டும். ஸ்லாட்டர் அம்மாள் வித்தைச் சுற்றைச் சேர்த்த அதே 1935ம் ஆண்டின் இறுதியில்தான் அடையாறு பிரம்மஞான சபையில் ருக்மிணி தேவி முதன்முறையாகச் சபையோர் முன் ஆடினார். கௌரவமான குடும்பத்துப் பெண்கள் ஆடலாம் என்று ஆகத் தொடங்கியது அப்போது. 1947ல் சென்னை மாகாணத்தில் தேவதாசி ஒழிப்புச் சட்டம் வந்தது. அங்கே ஒரு பெண்மணி, உடம்பைக் காட்டும் விழாவுக்கு மேலே கலையைப் போர்த்திக் கௌரவம் தேடினார். இங்கே ஒரு பெண்மணி, கலையிலிருந்து உடம்பின் வாடையைக் கழுவிக் கௌரவம் தேடினார். இரண்டு பேருக்கும் பயம் ஒன்றுதான்: நாலு பேர் என்ன சொல்வார்கள். சிருங்காரப் பதங்களைக்கூட மெல்ல ஒதுக்கிவைத்துக்கொண்டிருந்த காலத்தில், பந்தநல்லூர் அடவு கற்ற ஒருத்தி பொட்டோடும் பூவோடும் நீச்சலுடையில் நின்றார். நின்றுவிட்டுத் திரும்பி வந்து பரதமும் ஆடினார். பாலசரஸ்வதியின் பக்கமே சாயும் என் போன்றவர்களுக்கு இதில் ஒரு தனி சந்தோஷம் உண்டு.

அழகிப் போட்டியும் பண்பாடும் என்றால் நமக்கு 1996 பெங்களூர்தான் ஞாபகம் வரும். சின்னசாமி ஸ்டேடியத்தில் உலக அழகிப் போட்டி. வெளியே ஊர்வலம், தடியடி. மதுரையில் ஒரு இளைஞர் தீக்குளித்து இறந்தார். கடைசியில் நீச்சலுடைச் சுற்றைச் செஷல்ஸ் தீவுக்குக் கொண்டுபோய் நடத்திவிட்டு வந்தார்கள். 44 ஆண்டுக்கு முன் ஒரு இந்தியத் தாய் எடுத்துக்கொண்ட படத்தை அந்த நாட்களில் எதிர்த்தவர்களும் சரி, ஆதரித்தவர்களும் சரி, நினைத்துப் பார்த்ததாகத் தெரியவில்லை. அட்லாண்டிக் சிட்டியை ஆரம்பித்துவைத்த அந்த உடை 2018ல் மிஸ் அமெரிக்காவிலிருந்து தூக்கி எறியப்பட்டது. வித்தைச் சுற்று மட்டும் தங்கிவிட்டது.

இந்திராணிக்கு லாங் பீச்சில் பரிசு கிடைக்கவில்லை. அவருடைய நல்ல காலம் அதற்குப் பிறகுதான் ஆரம்பம். கொராடா நரசிம்ம ராவிடம் குச்சிப்புடி கற்று அவரோடு சேர்ந்து மேடைகளில் ஆடினார். ஒரிசாவுக்கு வெளியே அதிகம் பேர் அறியாத ஒடிசியைப் பற்றிக் கலை விமர்சகர் சார்லஸ் ஃபாப்ரி சொல்ல, அங்கே போனார். குரு தேவ பிரசாத் தாஸிடம் அதையும் கற்றுக்கொண்டு, ஐம்பதுகளின் பிற்பகுதியில் இந்தியாவின் பெரிய மேடைகளுக்கும் பிறகு வெளிநாடுகளுக்கும் கொண்டுபோனார். ஒடிசி இன்று பெற்றிருக்கும் இடத்துக்கு முதலில் பாதை போட்டவர்களில் அவரும் ஒருவர். 1961ல் நேரு வாஷிங்டன் போனபோது, நேருவும் கென்னடியும் பார்க்க இந்திராணி ஆடினார். லாங் பீச்சில் யாரும் ஆடச் சொல்லாத அதே தேசத்தில், அதே ஆண்டில், ஏஷியா சொசைட்டியின் ஏற்பாட்டில் ஊர் ஊராக நடனச் சுற்றுப்பயணம். 1969ல் பத்மஸ்ரீ.

1976ல் நியூயார்க்கின் ஜுலியார்ட் கலைப்பள்ளி அவரை நடன ஆசிரியராக எடுத்துக்கொண்டது. மேற்கத்திய சங்கீதமும் பாலேயும் கோலோச்சும் இடம் அது. தாய் எந்த தேசத்திலிருந்து இந்திய நடனத்தைத் தேடி வந்தாரோ, அந்த தேசத்துப் பிள்ளைகளுக்கு மகள் போய்ச் சொல்லிக்கொடுத்தார். 1999 பிப்ரவரியில் நியூயார்க்கிலேயே காலமானார். மூன்று தலைமுறையாக ஆடிய அந்தக் குடும்பத்தின் கதையை மகள் சுகன்யா ரஹ்மான் புத்தகமாக எழுதியிருக்கிறார். அவரும் நர்த்தகிதான், 1952ல் அம்மா லாங் பீச் போனபோது வீட்டில் இருந்த குழந்தை.